சிவப்பு மை படாத 555 புத்தகம்: தனக்காக எழுதத் தொடங்குவோருக்கு

மலேசியத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் ஒருமுறையாவது தன்கதை எழுதியிருப்பார்கள். 'நான் ஒரு குடை', 'நான் ஒரு காலணி', 'நான் ஒரு மிதிவண்டி' என்று தொடங்கி, தொழிற்சாலையில் பிறந்து, கடையில் தொங்கி, ஒரு மாணவனால் வாங்கப்பட்டு, கடைசியில் குப்பைத் தொட்டியில் கிடந்தபடி பழைய நாளை எண்ணிக் கண்ணீர் விடும் அந்தக் கட்டுரையை நானும் எத்தனையோ முறை எழுதி, பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். குடைக்காகவும் காலணிக்காகவும் பேசப் பழகிய நமக்கு, நமக்காக நாமே ஒரு பக்கம் எழுதும் பழக்கம் மட்டும் வாய்க்கவில்லை.

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில், ஒரு காலத்தில் பால்மரக்காடாக (ரப்பர் தோட்டமாக) இருந்து இன்று செம்பனையும் (எண்ணெய்ப்பனையும்) தாமான் எனப்படும் குடியிருப்பு வீடுகளுமாக மாறிவிட்ட ஒரு பகுதியில் நான் வசிக்கிறேன். பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் ஆறேழு பேர் கூடி எழுதுகிறோம். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் ஓர் அம்மா, ஈப்போவுக்கு ஃபேக்டரி பஸ்ஸில் போய்வரும் இருவர், லாரி ஓட்டி ஓய்வு பெற்ற ஓர் அண்ணன், ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி என்று பலவிதமானவர்கள் வருகிறார்கள். முதல் நாளில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்: "எனக்கு எழுத வராது டீச்சர்." எழுத்து வராததால் அவர்கள் அப்படிச் சொல்லவில்லை என்பதும், எழுதியதும் யாரோ திட்டுவார்கள் என்ற பயமே அப்படிச் சொல்ல வைத்தது என்பதும் எனக்குப் புரியச் சில வாரங்கள் ஆயின. அப்படித் தயங்குகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பிரசுரத்துக்கோ போட்டிக்கோ எழுத விரும்புகிறவர்களுக்கு வேறு வழிகாட்டிகள் இருக்கின்றன.

புத்தகமும் முதல் வாரமும்

அழகான தடித்த அட்டை போட்ட டைரியை வாங்காதீர்கள். அதன் முதல் பக்கமே உங்களை மிரட்டும். அவ்வளவு விலை கொடுத்த தாளில் அற்பமான வரியை எழுதக் கை கூசும். மளிகைக் கடைகளில் கிடைக்கும், அட்டையில் 555 என்று அச்சிட்ட சட்டைப்பை அளவுக் கணக்குப் புத்தகம் போதும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் புத்தகத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கடையில் கடனுக்கு வாங்கிய அரிசியும் பருப்பும் சம்பள நாள் வரைக்கும் அதில்தான் ஏறிக்கொண்டே போகும். தேதி, பொருள், விலை ஆகிய மூன்று விவரங்களுக்கு மேல் அதில் எதுவும் இருக்காது. என் அப்பாவின் கணக்கை எழுதிய கடைக்காரர் நேரில் கடுமையாகப் பேசக்கூடியவர்தாம். ஆனால் அவருங்கூட அந்தப் பக்கத்தில் 'இந்த மாதமும் அளவுக்கு மீறி வாங்கிவிட்டாய், வெட்கமில்லையா' என்று ஒருநாளும் எழுதியதில்லை. இருந்ததை இருந்தபடி குறித்துவைக்கும் அந்த முறைதான் நாம் முதலில் பழக வேண்டியது.

ஆகவே முதல் வாரம் முழுவதும் கணக்கு மட்டும் எழுதுங்கள். அன்று கண்டது, கேட்டது, வாங்கியது, நடந்தது ஆகியவற்றில் மூன்றோ நான்கோ போதும். எங்கள் குழுவில் ஒருவர் எழுதிய ஒரு நாள் கணக்கை அவருடைய அனுமதியோடு தருகிறேன்: 'திங்கள். விடிகாலை மழை. ஃபேக்டரி பஸ் 20 நிமிடம் தாமதம். தே தாரேக் 2 ரிங்கிட். சின்னவள் பேசவில்லை.' முதல் மூன்று விவரங்களையும் அவர் யோசித்து எழுதினார். நான்காவது தானாக வந்து விழுந்தது. அதைப் பற்றி மேலே எழுதலாமா என்று கேட்டார். இந்த வாரம் வேண்டாம் என்றேன். முதல் வாரத்திலேயே உள்ளத்தைத் திறந்து கொட்டியவர்கள் இரண்டாம் வாரம் வராமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

எப்போது, எவ்வளவு நேரம்

பத்து நிமிடம் போதும், ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். தினமும் எழுத வேண்டும் என்ற சட்டத்தை நீங்களே போட்டுக்கொண்டால், அதை மீறும் முதல் நாளிலேயே குற்றவாளி ஆகிவிடுவீர்கள். இடைவிடாமல் எழுதும் பயிற்சியை 1973-இல் பரவலாக அறிமுகப்படுத்திய அமெரிக்கப் பேராசிரியர் பீட்டர் எல்போவும், ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், வாரத்துக்குக் குறைந்தது மூன்று முறை என்றுதான் தொடக்கக்காரர்களுக்குச் சொன்னார். அவருடைய நிபந்தனைகள் எளியவை: நேரம் முடியும் வரை கை நிற்கக்கூடாது, திரும்பிப் பார்த்துத் திருத்தக்கூடாது, எதுவும் தோன்றாவிட்டால் எதுவும் தோன்றவில்லை என்பதையே எழுத வேண்டும். இரண்டாம் வாரத்திலிருந்து இந்த முறையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாக நேரம் ஒதுக்குவதைவிட, ஏற்கெனவே நடக்கும் ஒரு வேலையோடு இதைக் கட்டிவிடுவது நல்லது. சோறு வேகும் நேரம், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம், பிள்ளையைத் துணைப்பாட வகுப்பில் விட்டுவிட்டு மோட்டோரில் உட்கார்ந்திருக்கும் நேரம் ஆகிய எல்லாம் உதவும்.

எந்தத் தமிழில்

இந்தக் கட்டுரையை நான் கவனமான தமிழில் எழுதுகிறேன். என் 555 புத்தகத்தில் இப்படி எழுதுவதில்லை. அதில் பாசார் மாலாமும் (இரவுச் சந்தை) வரும், சுசாவும் (கஷ்டம்) வரும், 'போயிட்டு வந்தேன்' என்பதும் வரும். பிழையற்ற தமிழ் எழுத வேண்டும் என்ற ஆசை நல்லதுதான், ஆனால் அந்த ஆசை இந்தப் பத்து நிமிடத்துக்கு உரியதல்ல. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடைத்தரகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761-இல் இறக்கும் காலம் வரை எழுதிய நாட்குறிப்பு இன்று பெரிய வரலாற்று ஆவணமாக மதிக்கப்படுகிறது. அவர் அதைப் புலவர் தமிழில் எழுதவில்லை. அன்றைய பேச்சுத் தமிழில், பிறமொழிச் சொற்கள் தாராளமாகக் கலந்து எழுதினார். அவருக்கு இருந்த துணிவு நமக்கும் இருக்கலாம். மலாய்வழித் தேசியப் பள்ளியில் படித்ததால் தமிழ் எழுத்து கைவராதவர்கள் தமிழை ரோமன் எழுத்தில் எழுதட்டும், மலாயிலேயே எழுதட்டும். எங்கள் குழுவின் ஐந்தாம் படிவ மாணவி அம்மாவைப் பற்றித் தமிழிலும், பள்ளியைப் பற்றி மலாயிலும் எழுதுகிறாள். எந்த மொழியில் எதை எழுதுகிறோம் என்பதைக் கவனித்தாலே நம்மைப் பற்றிச் சில விஷயங்கள் தெரியவரும்.

உள்ளே இருக்கும் கங்காணி

மூன்றாம் வாரத்தில் ஒரு குரல் வரும். 'இதெல்லாம் ஓர் எழுத்தா? ஊரில் எல்லாரும் உன்னைவிடக் கஷ்டப்படுகிறார்கள், நீ மட்டும் உட்கார்ந்து புலம்புகிறாய்' என்று அது பேசும். பழைய தோட்டங்களில் விடியும் முன்பே, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டபோது, தாமதமாக ஓடிவந்தவரை, தொழிலாளர்களை மேற்பார்த்த கங்காணி எல்லார் முன்னிலையிலும் ஏசி, அன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்புவது உண்டு. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை விட்டுத் தாமானுக்கு வந்தவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு அந்தக் குரலையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும். அதோடு, பள்ளியில் கட்டுரைப் புத்தகம் முழுவதும் ஓடிய சிவப்பு மையும் சேர்ந்துகொண்டது. நான் பத்து வயதில் பாட்டி இறந்ததைப் பற்றி எழுதிய பக்கத்தில் பதினான்கு எழுத்துப் பிழைகள் வட்டமிடப்பட்டிருந்தன. பாட்டியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த ஆசிரியரை நான் குறை சொல்லவில்லை. நானும் அப்படி வட்டமிட்டிருக்கிறேன்.

அந்தக் குரலோடு மல்லுக்கு நிற்காதீர்கள், அதை விரட்டவும் முயலாதீர்கள். பக்கத்தின் ஓரத்தில் 'கங்காணி' என்று எழுதி, அது சொன்னதை அப்படியே ஒரு வரியில் குறித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். பெயர் போட்டு எழுதியதும் அது பல பேச்சுகளில் ஒரு பேச்சாகக் குறைந்துவிடுவதை நாங்கள் எல்லாருமே உணர்ந்திருக்கிறோம்.

குரல் அதற்கும் அடங்காத நாட்கள் இருக்கும். அப்போது மூன்று வரிகள் எழுதுங்கள். தன்பரிவை, அதாவது தன்னிடம் தானே காட்டும் பரிவைப் பற்றி ஆராய்ந்து 2003-இல் அதை அளக்கும் அளவுகோலை உருவாக்கிய உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப், அதற்கு மூன்று கூறுகள் உண்டு என்கிறார்: நடப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் கவனிப்பது, இது மனிதர் எல்லாருக்கும் நேர்வது என்று உணர்வது, தன்னிடம் கனிவாக நடந்துகொள்வது. இவற்றை வரிகளாக்கினால் இப்படி இருக்கும். எங்களில் ஒருவர் இரவு ஷிப்டு முடிந்து அயர்ந்து தூங்கியதால் மகனுடைய பள்ளிக் கூட்டத்துக்குப் போகவில்லை. முதலில் 'நானெல்லாம் ஒரு தாயா?' என்று ஒரு பக்கம் எழுதினார். பிறகு மூன்று வரிகள் எழுதச் சொன்னேன். 'வியாழன் காலை பத்து மணிக்குக் கூட்டம். நான் ஏழரைக்கு வீட்டுக்கு வந்து தூங்கிவிட்டேன்' என்பது முதல் வரி. 'எங்கள் லைனில் இரவு வேலை பார்க்கும் அம்மாக்களில் இது நடக்காதவர் யாரும் இருக்க முடியாது' என்பது இரண்டாவது. மூன்றாவது வரிக்கு, பக்கத்து வீட்டு அக்காவுக்கு இது நடந்திருந்தால் அவரிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். 'விடுங்க அக்கா, டீச்சருக்கு ஒரு போன் போட்டுப் பேசுங்க' என்று எழுதினார். எழுதிவிட்டு, மறுநாள் உண்மையிலேயே போன் செய்தார். தன்னிடம் பரிவு காட்டினால் சோம்பல் வந்துவிடும், பொறுப்பு போய்விடும் என்று நம்மவர்களில் பலர் அஞ்சுகிறார்கள். தன்னைத் திட்டி நிரப்பிய அந்த ஒரு பக்கம் அவரைப் போன் அருகில் கொண்டுபோகவில்லை என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

இன்னொரு சிறிய உத்தியும் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸும் அவருடைய குழுவினரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பதற்றமான நேரத்தில் 'நான்' என்று தன்னோடு பேசியவர்களைவிட, தன் பெயரைச் சொல்லியோ 'நீ' என்றோ தன்னோடு பேசியவர்கள் நிதானமாக இருந்தார்கள் என்று கண்டார்கள். தமிழில் நமக்கு இதைவிட நெருக்கமான வழி இருக்கிறது. உங்களைச் சிறுவயதில் அன்பாகக் கூப்பிட்டவர் எந்தச் சொல்லால் கூப்பிட்டாரோ, அந்தச் சொல்லால் ஒரு வரியைத் தொடங்குங்கள். என் பாட்டி என்னைத் 'தாயி' என்பார். 'தாயி, இன்னைக்கு ரொம்ப நடந்துட்ட' என்று எழுதும்போது என் கையெழுத்தே சற்று நிதானமாகிறது. லாரி அண்ணன் 'டேய் தம்பி' என்று தொடங்குகிறார். அவருக்கு அதுதான் வருகிறது. உங்கள் வீட்டில் யாரும் பேசாத, தொலைக்காட்சி நாடகத்தில் கேட்ட கொஞ்சல் சொற்களைக் கடன் வாங்காதீர்கள். அவை பொய்யாக ஒலிக்கும்.

எவ்வளவு ஆழம்

என் அம்மா இருபத்தெட்டு ஆண்டுகள் பால்மரம் வெட்டினார். மரத்திலிருந்து பால் எடுப்பது ஆழமாக வெட்டுவதால் அல்ல என்று அவர் சொல்வார். உளி ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 1 முதல் 1.5 மில்லிமீட்டர் தடிப்பில்தான் பட்டையைச் சீவ வேண்டும். பட்டைக்கு உள்ளே, மரத்தை ஒட்டி, வளர்ச்சிப் படலம் இருக்கிறது. உளி அதைத் தொட்டுவிட்டால் மரம் காயப்பட்டு, அந்த இடத்தில் புதுப்பட்டை கரடுமுரடாக முடிச்சு விழுந்து வளரும். பிறகு அந்தப் பக்கம் திரும்ப வெட்ட வரும்போது உளி சரியாக ஓடாது. மரத்தில் பால் மறுபடி ஊற நேரம் கொடுக்கத்தான் அரைச்சுற்றுக் கோட்டை ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் முறை இருந்தது. அளவுக்கு மீறி வெட்டப்பட்ட மரத்தில் கோடு வறண்டு, பால் வராமலே போவதும் உண்டு.

வலிக்கும் விஷயங்களை எழுதும்போது இந்த அளவை நினைவில் வையுங்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் தங்கள் வாழ்வின் துயரமான நிகழ்வுகளைப் பற்றி எழுதினார்கள். எழுதி முடித்த உடனே அவர்களுடைய மனம் கனத்திருந்தது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில், நிகழ்வையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவ நிலையத்துக்குப் போனது குறைந்தது. பின்னர் நடந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, பயன் இருந்தாலும் சராசரியாக அது சிறியதே என்று தெரியவந்தது. ஆகவே எழுத்து எல்லா நோயையும் தீர்க்கும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். எழுதிய உடனே சற்றுச் சோர்வாக இருந்தால், நாம் தோற்றுவிட்டோம் என்றும் எண்ணாதீர்கள்.

ஆழத்தை அளக்க நாங்கள் வைத்திருக்கும் வழி எளியது. எழுதும்போது கண் கலங்கினால் தொடரலாம். மூச்சு முட்டினால், கை நடுங்கினால், எழுதுவது நிகழ்காலத்தில் நடப்பது போல் தோன்றினால், உடனே கணக்குக்குத் திரும்ப வேண்டும்: மேசையில் என்ன இருக்கிறது, வெளியே என்ன சத்தம், மணி என்ன. பென்னிபேக்கரும், ஒரு விஷயத்தை எழுதினால் நிலைகுலைந்துவிடுவோம் என்று தோன்றினால் அதை எழுத வேண்டாம் என்றுதான் அறிவுறுத்துகிறார். அண்மையில் நடந்த மரணத்தையோ அடிதடியையோ பற்றி எழுத அவசரப்படாதீர்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் பக்கத்தில் திரும்பத் திரும்ப வந்தால், புத்தகத்தை மூடிவிட்டு ஒரு மனிதக் குரலைத் தேடுங்கள். மனம் உடைந்தவர்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் கோலாலம்பூர் எண் 03-7627 2929, நாளின் எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

விட்டுப்போன நாட்கள்

பால்மரத் தோட்டத்தில் மழை பெய்தால் பட்டை நனைந்து பால் கோட்டை விட்டு வழிந்துவிடும் என்பதால் வெட்டு இல்லை. எழுதாமல் விட்ட நாளுக்கும் அவ்வளவு விளக்கம் போதும். மீண்டும் புத்தகத்தை எடுக்கும்போது, எழுதாததற்கு மன்னிப்புக் கேட்டுத் தொடங்காதீர்கள், விட்ட நாட்களைச் சேர்த்து எழுதவும் முயலாதீர்கள். அன்றைய தேதியைப் போடுங்கள்.

யாராவது படித்துவிட்டால்

ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட லயத்து வீடுகளில், பக்கத்து வீட்டுத் தும்மலுக்கும் பதில் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ரகசியம் வைத்துக்கொள்ள நமக்கு இடமே இருந்ததில்லை. எனவே இந்தப் பயம் நியாயமானது, 'யாரும் படிக்கமாட்டார்கள்' என்று நான் ஆறுதல் சொல்லப்போவதில்லை. சிறிய புத்தகம் கைப்பையில் உங்களோடே இருக்கட்டும். ஆட்களின் பெயருக்குப் பதிலாக எழுத்து ஒன்றோ மரத்தின் பெயரோ போடுங்கள். எங்களில் ஒருவருடைய மாமியார் 'ரம்புத்தான்' என்ற பெயரில் பல மாதங்களாக வாழ்ந்துவருகிறார். மிகவும் ஆபத்தான வரிகளைத் தனித்தாளில் எழுதிக் கிழித்துவிடலாம். கிழித்த பிறகும் அதை எழுதியதன் பயன் உங்களிடம்தான் இருக்கும்.

திரும்பிப் படித்தல்

ஒரு மாதம் ஆகும் வரை பழைய பக்கங்களைப் படிக்காதீர்கள். அதற்குப் பிறகு, பென்சில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு உட்காருங்கள்; சிவப்புப் பேனா அந்த மேசைக்கே வரக்கூடாது. எழுத்துப்பிழை, வாக்கியப்பிழை எதையும் தொடாமல், திரும்பத் திரும்ப வரும் சொல்லுக்கு அருகில் ஒரு சின்னக் கோடு போடுங்கள். லாரி அண்ணன் தன் முதல் மாதத்தைப் படித்தபோது 'முதுகு வலி' என்பதற்குப் பதினொரு கோடுகள் விழுந்தன. அத்தனை நாளும் அதை எழுதியவர் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கங்காணி வழக்கம்போல் வந்து, இவ்வளவு நாள் பேசாமல் இருந்த முட்டாள் என்று ஆரம்பித்தாராம். அண்ணன் அதையும் ஓரத்தில் எழுதிவிட்டு, அதன் கீழே 'டேய் தம்பி, திங்கட்கிழமை கிளினிக் போ' என்று எழுதினார். போனார். அடுத்த பக்கத்தில் மருந்தின் பெயரும் மறுபடி வரச்சொன்ன தேதியும் இருக்கின்றன.

புத்தகம் நிறைந்ததும், சம்பள நாளில் கடைக்காரர் செய்வது போல், கடைசி வரிக்குக் கீழே குறுக்கே ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். பழையதை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டு, புதியதின் முதல் பக்கத்தில் அன்றைய தேதியையும் அந்தப் புத்தகத்துக்குக் கொடுத்த விலையையும் எழுதுங்கள்.